அம்பாசிடர் பெட்ரோல்: மேனிஃபோல்ட் ஸ்டட் இரண்டு உடைந்துவிட்டன, ஹெட்டைக் கழற்றாமல் எடுக்க முடியுமா?

புளியரைக்காரன் (புளியரை)

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1986 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். அப்பா வாங்கியது, இன்றும் ஓடுகிற வண்டி. ரப்பர் வேலையாகத் தென்மலை, புனலூர் என்று மலை ஏறி இறங்குவதுதான் இதன் பிழைப்பு.

ரொம்ப நாளாகவே காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். சூடானதும் குறைந்துவிடும். டேப்பட் (வால்வைத் தள்ளுகிற பாகம்) என்று சொல்லி ஒரு பட்டறையில் அட்ஜஸ்ட் செய்தார்கள், சத்தம் மாறவில்லை. போன வாரம் கோட்டைவாசல் ஏற்றத்தில் லோடு லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரிலேயே ஏற வேண்டியிருந்தது. அங்கே சத்தம் பெரிதாகி, கண்ணாடியை ஏற்றியிருந்த காருக்குள் புகை வாசமும் வந்தது. திறந்து பார்த்தால், புகையை வெளியேற்றுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டோடு பிடித்திருக்கிற ஸ்டட்களில் (இரண்டு முனையிலும் மரை உள்ள கம்பி) டேஷ்போர்டு பக்கம் இருக்கிற கடைசி ஸ்டட் ஏற்கெனவே உடைந்து போயிருக்கிறது. மேனிஃபோல்டைக் கழற்றும்போது ரேடியேட்டர் பக்கத்துக் கடைசி ஸ்டட்டும் முறிந்தது.

முன்னால் உள்ளது ஹெட்டுக்கு வெளியே 5 மி.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் உள்ளது ஹெட்டோடு சமமாக, கொஞ்சம் உள்ளேயே முறிந்திருக்கிறது. பட்டறையில் கை டிரில்லால் பெரிதாகத் துளைத்து மூன்று நூல் (3/8 அங்குல) போல்ட் போட்டுவிடலாம் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை, வண்டியைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஹெட்டைக் கழற்றாமல் இதை எடுக்க முடியுமா?

தென்காசி_லேத் (தென்காசி)

தம்பி, பெரிய துளை போட விடாமல் நிறுத்தியது ரொம்ப நல்லது. அந்த இடத்தில் ஹெட்டுச் சுவர் எவ்வளவு கனம் என்று வெளியிலிருந்து தெரியாது. கை டிரில் கொஞ்சம் சாய்ந்தாலும் துளை புகை போகிற போர்ட்டுக்குள்ளோ, குளிர்விக்கிற தண்ணீர் ஓடும் ஜாக்கெட்டுக்குள்ளோ போய்விடும். அப்புறம் ஹெட்டே போச்சு.

முன்னால் உள்ளதை முதலில் பாருங்கள், அது சுலபம். 5 மி.மீ. வெளியே இருந்தால் அதன் மேல் ஒரு நட்டை மாட்டி, நட்டின் துளைக்குள் வெல்டிங் செய்து நிரப்ப வேண்டும். ஸ்டட்டின் மரைக்குச் சரியான நட் வேண்டாம், ஒரு சைஸ் பெரிய சாதா இரும்பு நட் போதும். முலாம் பூசிய நட் கூடாது, அந்தத் துத்தநாகப் புகை உடம்புக்குக் கெடுதல், வெல்டும் பிடிக்காது. வெல்டிங் முடிந்தவுடன் ஸ்பேனரைப் போடாதீர்கள். செக்கச்சிவப்பில் திருகினால் கம்பி முறுக்கிக்கொண்டு மறுபடி முறியும். சிவப்பு போய்க் கொஞ்சம் ஆறியதும், முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றுகிற பக்கம், மறுபடி இறுக்குகிற பக்கம். இப்படி ஆட்டி ஆட்டித்தான் துருவை உடைக்க வேண்டும். அசைவு தெரிந்ததும் எண்ணெய் விடுங்கள். வெல்டிங் சூட்டில் ஸ்டட் விரியப் பார்க்கும், சுற்றியுள்ள இரும்பு விடாது, அந்த நெருக்கலில் துரு நொறுங்குகிறது. நட் ஒட்டுவதைவிட இந்தச் சூடுதான் பெரிய உதவி. முதல் வெல்டு விட்டுப் போனாலும் சலிக்காமல் மறுபடி ஒட்டுங்கள், ஒவ்வொரு சூட்டுக்கும் பிடி தளரும்.

பின்னால் உள்ளது வேறு கதை. சமமாக முறிந்திருந்தால் ஸ்டட்டின் தலையில் பொட்டுப் பொட்டாக வெல்டு வைத்து மேலே வளர்த்து, அதன் மேல் ஒரு வாஷர், அதன் மேல் நட். மிக் வெல்டிங் வைத்திருக்கிற நல்ல கைக்காரர் செய்துவிடுவார். ஹெட் வார்ப்பிரும்பு என்பதால் வெல்டு பக்கத்தில் வழிந்தால் ஹெட்டிலும் பிடித்துக்கொள்ளும், அங்கே வார்ப்பு கடினமாகி வெடிக்கவும் செய்யும். ஒரு மி.மீ.க்கு மேல் உள்ளே இருந்தால் இதை விட்டுவிட்டு டிரில்லுக்கே போங்கள்.

பாலக்காடு_800 (வாளையார்)

எங்க மாருதி 800-ல இதே மாதிரி ஆச்சுங்க. அது அலுமினியம் ஹெட். வெல்டு இரும்பு ஸ்டட்டில் மட்டும்தான் பிடிக்கும், அலுமினியத்தில் ஒட்டாது, அதனால் அங்கே இந்த முறை இன்னும் சுகம். சூடு காட்டினாலும் பலன் அதிகம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், துளை தானாகவே ஸ்டட்டை விட்டு விலகும்.

வார்ப்பிரும்பில் இந்த வசதி இல்லைங்க, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விரியும். அதனால் ஹெட்டை மொத்தமாகச் சூடாக்கிப் பயன் இல்லை. ஸ்டட்டைச் சுற்றி மட்டும் டார்ச் காட்டி, சூடாக இருக்கும்போதே மெழுகுவர்த்தியை ஸ்டட்டின் அடியில் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இழுத்துக்கொண்டு போகும். எங்க ஊர்ப் பழைய மெக்கானிக்குகள் எல்லாரும் செய்வது இதுதான். சூட்டின் மேல் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம், வார்ப்பு விரிசல் விடும்.

கம்பம்_ஜீப் (கம்பம்)

டார்ச், வெல்டிங் என்று பேச்சு வந்துவிட்டது, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்பாசிடரில் கார்புரேட்டர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்திலேயே மேலாக உட்கார்ந்திருக்கிறது. மேனிஃபோல்டைக் கழற்றியாகிவிட்டது என்றால் அதுவும் வெளியே வந்திருக்கும், நல்லது. ஆனால் பெட்ரோல் குழாயின் முனை அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதை அடைத்துத் தூரமாகக் கட்டுங்கள், ஈரச் சாக்கும் தீயணைப்பானும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்றுங்கள், ஆல்டர்னேட்டர் வயரையும் எடுத்துவிடுங்கள். வெல்டிங் எர்த்தை ஹெட்டிலேயே பிடியுங்கள். சேஸிஸில் பிடித்தால் கரண்ட் எந்த பேரிங் வழியாகப் போகும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, காருக்குள் புகை வாசம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை லேசாக எடுக்க வேண்டாம். வாசம் வருகிற புகையோடு வாசமே இல்லாத கார்பன் மோனாக்சைடும் வரும். சாரல் நேரத்தில் கண்ணாடி எல்லாம் ஏற்றிவிட்டு மெதுவாக மலை ஏறும்போது அது உள்ளேயே தங்கும். முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம் மாதிரி ஒரு மயக்கம். குமுளி ஏற்றத்தில் இப்படித் தலைவலி வந்தால் வளைவுகளால் என்று நினைத்துக்கொள்வோம். சரிசெய்கிற வரைக்கும் அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றாதீர்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் வயரும் கேபிளும் நுழைகிற துளைகளில் ரப்பர் கிராமெட் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, இல்லாத இடத்தில் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

புளியரைக்காரன்

ரொம்ப நன்றி. வெல்டிங்குக்கு செங்கோட்டையிலிருந்து ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். லேத் அண்ணாச்சி, பின்னால் உள்ளதற்கு ஈஸி அவுட் (முறிந்த ஸ்டட்டில் துளைபோட்டுச் செருகித் திருகி எடுக்கிற கருவி) வாங்கி வைக்கட்டுமா? கடையில் செட்டாகவே கிடைக்கிறது.

தென்காசி_லேத்

தம்பி, ஈஸி அவுட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். முழு ஸ்டட்டும் நட்டும் சேர்ந்து முறுக்கியும் அசையாமல் முறிந்த மரை அது. அதைவிட மெல்லிய ஒரு கம்பியை உள்ளே விட்டு முறுக்கினால் எப்படி அசையும்? ஈஸி அவுட் கடினமான எஃகு, வளையாது, முறிந்துதான் போகும். முறிந்துவிட்டால் சாதா டிரில் பிட் அதன் மேல் இறங்காது. கார்பைடு பிட் வேண்டும், இல்லை ஹெட்டைக் கழற்றி கோயம்புத்தூர் பக்கம் ஸ்பார்க் எரோஷன் (மின்பொறியால் இரும்பை அரித்து எடுப்பது) செய்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். என் பட்டறைக்கு வருகிற ஹெட் வேலையில் கஷ்டமானவை எல்லாம் துளைக்குள் ஈஸி அவுட் முறிந்தவைதான்.

டிரில்லில் எல்லாமே நடுப்புள்ளியில்தான் இருக்கிறது. அதற்கு மேனிஃபோல்டையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். லேத்தில் ஒரு புஷ் (நடுவில் துளையுள்ள சின்னக் குழல்) கடைந்து வாங்குங்கள். வெளி விட்டம் மேனிஃபோல்டின் ஸ்டட் துளையில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும், உள் துளை 3 மி.மீ. மேனிஃபோல்டை மற்ற ஸ்டட்களில் மாட்டி லேசாக இறுக்கி, புஷ்ஷைத் துளையில் செருகி அதன் வழியாக முதல் துளையைப் போட்டால் நடுவிலேயே இறங்கும், சாயாது. கடைசித் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் மட்டும் புஷ்ஷை நம்பாமல் கேஸ்கெட்டை (ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் வைக்கிற அடைப்புத் தகடு) வைத்து மையம் பார்த்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டுப் பக்கம் இடம் குறுகல், மூலைக்குத் திரும்புகிற ரைட் ஆங்கிள் டிரில்லை வாடகைக்கு எடுங்கள். வேகம் குறைவாக, எண்ணெய் விட்டு விட்டு, கோபால்ட் பிட்.

3 மி.மீ. முடிந்ததும் இடதுபுறம் சுழலுகிற பிட் கிடைத்தால் 5 மி.மீ.க்கு அதைப் போடுங்கள். நிறையத் தடவை அந்தப் பிட்டே ஸ்டட்டைப் பிடித்துக் கழற்றிக்கொண்டு வந்துவிடும். வரவில்லையென்றால் 6.5 மி.மீ. வரைக்கும் போய் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் ஹெட்டின் மரையைத் தொடும். மீதி இருப்பது சுருள் மாதிரி மெல்லிய ஓடு. அதை ஊசி முனையால் உள்ளே மடக்கி இழுத்து, டேப் (துளைக்குள் மரை வெட்டுகிற கருவி) போட்டு மரையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

டேப் என்றதும் ஒரு எச்சரிக்கை. இது பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் எஞ்சின், அங்குல மரை. ஸ்டட் இரண்டரை நூல், அதாவது 5/16 அங்குலம், மி.மீ. கணக்கில் 7.94. கையில் எடுத்துப் பார்த்தால் 8 மி.மீ. ஸ்டட் மாதிரியே இருக்கும். பட்டறைகளில் 8 மி.மீ. டேப்பை விட்டு இறக்கிவிடுவார்கள், இரண்டு மூன்று மரைக்குப் பிறகு இறுகும், அதையும் மீறித் திருகுவார்கள். 8 மி.மீ.க்கு மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி. 5/16 பெரிய மரைக்கு அங்குலத்துக்கு 18, பொடி மரைக்கு 24. இரண்டோடும் 8 மி.மீ. சேராது, இருக்கிற மரையை அறுத்துவிடும். சில ஸ்டட்களில் ஹெட்டுக்குள் போகிற முனை 18 மரையும் நட் மாட்டுகிற முனை 24 மரையுமாக இருக்கும். நல்ல ஸ்டட் ஒன்றைக் கழற்றி இரண்டு முனையிலும் மரை கேஜ் வைத்துப் பார்த்த பிறகு டேப் வாங்குங்கள்.

மேக்கரை_மெட்டலர்ஜி (மேக்கரை)

எடுப்பது பற்றி அண்ணாச்சி சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு ஏன் உடைந்தது என்பதுதான் கவலை. உடைந்தது இரண்டும் கடைசி ஸ்டட்கள், ஒன்று இந்த முனை, ஒன்று அந்த முனை. இது தற்செயல் அல்ல.

ஒரு கணக்குப் பாருங்கள். மேனிஃபோல்டின் நீளம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 11 பங்கு விரியும். ஏற்றத்தில் மேனிஃபோல்டு 400 டிகிரி கூடினால் விரிவு 1.8 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஹெட்டைத் தண்ணீர் குளிர்விப்பதால் அது 70 டிகிரிதான் கூடும், விரிவு 0.3 மி.மீ. வித்தியாசம் 1.4 மி.மீ.க்கு மேல். நடு ஸ்டட்டிலிருந்து இரண்டு பக்கமும் பிரித்தால் ஒவ்வொரு முனையும் 0.7 மி.மீ. வெளியே நகர்ந்தாக வேண்டும். துளை தாராளமாக இருந்து, வாஷரின் அடியில் வழுக்க முடிந்தால் நகரும். முடியாவிட்டால் ஸ்டட்டை வளைக்கும். சூடாகும்போது ஒரு பக்கம், ஆறும்போது மறுபக்கம். சூடான மேனிஃபோல்டில் சாரல் தண்ணீர் தெறித்தால் அது ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சுருங்கும், மறுபக்கம் விரிந்தே இருக்கும். கோட்டைவாசல் பாதையில் ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் தினமும் நடப்பது இதுதான்.

காலையில் டிக் டிக் வந்து சூடானதும் நின்றதற்கும் இதுதான் காரணம். குளிரில் இடைவெளி திறந்திருக்கும், விரிந்ததும் அடைபடும். டேப்பட் சத்தம் இப்படி மறையாது. ஃபிளேஞ்சின் (ஹெட்டில் பொருந்துகிற தட்டையான முகம்) விளிம்பில் கரிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள், கட்டாயம் இருக்கும்.

ஆனால் விரிவு மட்டும் என்றால் எல்லா அம்பாசிடரும் உடைய வேண்டும். அதனால் ஒன்று கேட்கிறேன். மேனிஃபோல்டிலிருந்து கீழே இறங்குகிற பைப்பை கியர்பாக்ஸ் பக்கத்தில் பிடித்திருக்கிற கிளாம்ப் இருக்கிறதா? எஞ்சின் மவுண்ட் ரப்பர் எப்படி இருக்கிறது? உடைந்த துண்டின் முகத்தையும் படம் எடுத்துப் போடுங்கள்.

புளியரைக்காரன்

மேடம், நீங்கள் கேட்ட பிறகு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கிளாம்ப் இல்லை. போல்ட் இருந்த இடம் மட்டும் இருக்கிறது. முன்பு ஒரு பட்டறையில் கிளட்ச் மாற்றினார்கள், அப்போது கழற்றியதைத் திரும்பப் போடவில்லை போலிருக்கிறது. மவுண்ட் ரப்பர் இரண்டும் அமுங்கி வெடித்திருக்கின்றன. பின்னால் உடைந்த துண்டின் முகத்தில் பாதிக்கு மேல் கறுப்பாக வழவழப்பாக இருக்கிறது, ஓரத்தில் மட்டும் புதிதாக முறிந்த மாதிரி பளபளப்பு.

மேக்கரை_மெட்டலர்ஜி

கறுப்பு பாகம் பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த விரிசல். பளபளப்பு பாகம் கடைசியாக ஒரே அடியில் போனது. களைப்பு முறிவு என்று இதைத்தான் சொல்வோம். கிளாம்ப் இல்லாததால் பைப், சைலன்சர் எல்லாம் மேனிஃபோல்டைப் பிடித்துத் தொங்கியிருக்கின்றன. ரப்பர் போனதால் ஒவ்வொரு குழியிலும் எஞ்சின் ஆடும், பைப் ஆடாது, அந்த இழுப்பு முழுக்க ஸ்டட்டுக்கு. கிளாம்பும் மவுண்டும் போடாமல் ஸ்டட் மட்டும் மாற்றினால் அடுத்த சாரலுக்குள் மறுபடி இதே இடத்தில் உடையும். தயவுசெய்து வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

பாலக்காடு_800

புது ஸ்டட் போடுவதுதான் போடறீங்க, ஸ்டெயின்லெஸ்ஸில் போட்டால் துருவே பிடிக்காதுங்களே? அடுத்த தடவை சுலபமா கழறும்.

மேக்கரை_மெட்டலர்ஜி

துரு பிடிக்காது என்பது சரி. கழலும் என்பது உறுதியில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் ஸ்டெயின்லெஸ் நட் மாட்டினால் சூட்டில் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், துருவைவிட மோசமாக. கடையில் கிடைக்கிற 304 வகை வார்ப்பிரும்பைவிட ஒன்றரை மடங்கு விரியும், அதனால் சூட்டில் இறுக்கம் தளரும். 12.9 போன்ற உயர் வலிமை ரகமும் வேண்டாம், மேனிஃபோல்டுச் சூட்டில் அதன் பதம் இறங்கிவிடும். 8.8 தரத்துக்குச் சமமான சாதா எஃகு ஸ்டட், அதற்குப் பித்தளை நட். இந்த வகை எஞ்சின்களுக்குப் பித்தளை நட் பழைய வழக்கம். பித்தளை துருப்பிடித்து ஸ்டட்டோடு ஒட்டாது, மோசமான நிலையில் நட்டின் மரை போகுமே தவிர ஸ்டட் முறியாது.

புளியரைக்காரன்

முன் ஸ்டட் வந்துவிட்டது. முதலில் வைத்த வெல்டு விட்டுப்போனது, மறுபடி வைத்து ஆறவிட்டு ஆட்டியதில் கிரீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் கையாலேயே கழன்றது. பின் ஸ்டட் உள்ளே இருந்ததால் வெல்டு வைக்கவில்லை, புஷ் கடைந்து துளைத்தோம். இடது பிட் இங்கே கிடைக்கவில்லை. 6.5 வரைக்கும் போய், மீதிச் சுருளை மடக்கி எடுத்தோம். ஹெட்டின் மரை முழுசாக இருக்கிறது. கேஜ் வைத்தால் ஹெட் பக்கம் 18 மரைதான், அண்ணாச்சி சொல்லாமல் விட்டிருந்தால் 8 மி.மீ. டேப்தான் இறங்கியிருக்கும். துளையிலிருந்து தண்ணீர் எதுவும் வரவில்லை. இனி மாட்டுவது எப்படி?

தென்காசி_லேத்

சந்தோஷம் தம்பி. மாட்டுவதற்கு முன் மேனிஃபோல்டின் முகத்தில் நேர்ப்பட்டையை நிறுத்தி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். உங்கள் வண்டி ஓடிய ஓட்டத்துக்கு முனைகள் கட்டாயம் வளைந்திருக்கும். கால் மி.மீ.க்கு மேல் நுழைந்தால் சர்ஃபேஸ் கிரைண்டிங்குக்குக் கொடுங்கள்.

இந்த எஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், ஒரே ஸ்டட்டின் பெரிய வாஷர் இரண்டு ஃபிளேஞ்சையும் சேர்த்து அமுக்குகிறது. அதனால் இரண்டையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கியே கிரைண்டிங் செய்ய வேண்டும். எக்ஸாஸ்ட்டை மட்டும் தனியாகத் தேய்த்தால் அந்த ஃபிளேஞ்ச் மெலிந்து, வாஷர் சாய்ந்து உட்காரும். இன்லெட் இறுகும், எக்ஸாஸ்ட் ஊதும். கிரைண்டிங்குக்குப் பிறகு வாஷர் உட்காருகிற பக்கத்தின் கனத்தையும் கேலிப்பரில் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய வாஷர் குழிந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு கனமாகப் புதிது கடைந்து வாங்குங்கள்.

மேடம் போட்ட கணக்குக்கு ஏற்றபடி கடைசி இரண்டு துளைகள் ஸ்டட்டைவிட ஒன்றரை மி.மீ.யாவது பெரிதாக இருக்கட்டும். ஸ்டட்டை ஹெட்டுக்குள் கை இறுக்கம் மட்டும், ஸ்பேனர் போட்டு முறுக்க வேண்டாம். மரையில் காப்பர் கிரீஸ் மெல்லிசாக, கேஸ்கெட்டில் படாமல். கேஸ்கெட் புதிது. நடுவிலிருந்து வெளியே, இரண்டு சுற்றாக, கடைசியில் 20 நியூட்டன் மீட்டர் அளவுக்கு. டார்க் ரெஞ்ச் (முறுக்கின் அளவைக் காட்டுகிற ஸ்பேனர்) இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பித்தளை நட் அதிக முறுக்குத் தாங்காது. கீழ் பைப்பையும் கிளாம்பையும் முதலில் தளர்வாக மாட்டி, மேனிஃபோல்டை இறுக்கிய பிறகு பைப் எங்கே இயல்பாக நிற்கிறதோ அங்கே கிளாம்பை இறுக்குங்கள். இழுத்துப் பிடித்து இறுக்கினால் மறுபடி ஸ்டட்டுக்குத்தான் பாரம்.

புளியரைக்காரன்

முடிந்தது. நேர்ப்பட்டையில் பின் முனையில் 0.6 மி.மீ. நுழைந்தது, இரண்டையும் சேர்த்துக் கிரைண்டிங் செய்து வாங்கினேன். மவுண்ட் ரப்பர் புனலூரில் கிடைத்தது. கிளாம்ப் பட்டையை இங்கேயே அடித்து வாங்கினேன். எஞ்சின் ஓடும்போது ஃபிளேஞ்ச் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம், எங்கேயும் குமிழி இல்லை. ஆரியங்காவு வரைக்கும் ஏறி இறங்கி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் ரெஞ்ச் வைத்தால் நடு நட்கள் அசையவில்லை, கடைசி இரண்டும் கொஞ்சம் திரும்பின. டிக் டிக் சுத்தமாக இல்லை. காருக்குள் வாசமும் இல்லை.

கடைசியாக ஒன்று. மழைத் தண்ணீர் தெறிக்காமல் இருக்க மேனிஃபோல்டுக்கு வெப்பத்துணி சுற்றலாம் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

மேக்கரை_மெட்டலர்ஜி

வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்குச் சுற்றாதீர்கள். துணி சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும், மேனிஃபோல்டு இன்னும் அதிகமாக விரியும், குறைக்கப் பார்த்த இழுப்பு கூடிவிடும். நனைந்தால் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் கீழிருந்து சக்கரம் வாரி அடிப்பதால்தான் தெறிக்கிறது. வீல் ஆர்ச்சின் உள்பக்க மறைப்புத் தகடு இருக்கிறதா, அதில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒரு தகடு அடித்தால் போதும்.

தென்காசி_லேத்

தகடு என்னிடம் இருக்கிறது தம்பி. அளவு எடுத்து அனுப்புங்கள், வெட்டி வைக்கிறேன். இன்னும் ஒரு தடவை மலை ஏறி இறங்கிய பிறகு அந்தக் கடைசி இரண்டு நட்டையும் குளிர்ந்த நிலையில் பார்த்துவிடுங்கள்.